மரபணு சிகிச்சைக்காகக் காத்திருப்பதா, காக்ளியர் இம்பிளான்டை இப்போதே வைப்பதா?

கேள்வி
பதிந்தவர்: பதினான்கு மாதக் குழந்தையின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினான்கு மாதம் நிறைந்திருக்கிறது. பிறந்த இரண்டாம் நாள் காதுக்குள் சிறிய முனையொன்றை வைத்துச் செய்த ஓ.ஏ.இ. பரிசோதனையில் இரண்டு காதுகளும் தேறிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நம்பிப் பத்து மாதங்களை நிம்மதியாகக் கழித்துவிட்டேன். கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்ப்பாள் என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. பிறகு ஒருநாள்தான் கவனித்தேன்: தரையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே அவள் திரும்புகிறாள், என் மடியில் இருக்கும்போது அதே கதவு அதே வேகத்தில் சாத்தினாலும் இமைகூட அசைவதில்லை. அவள் சத்தத்தைக் கேட்கவில்லை, தரையின் அதிர்வை உடம்பால் உணர்ந்துகொண்டிருந்தாள்.

அதன்பின் எடுத்த, ஒலிக்குச் செவிநரம்பு தரும் விடையை அலையாகக் காட்டும் பெரா பரிசோதனையில், எவ்வளவு உரத்த ஒலியைக் கொடுத்தும் இரண்டு காதுகளிலும் அலை எழவில்லை. ஸ்கேனில் உட்காதின் அமைப்பும் செவிநரம்பும் சரியாக இருக்கின்றன. மரபணு அறிக்கையில் ஓ.டி.ஓ.எஃப். என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் மருத்துவர் தாமதிக்காமல் இரண்டு காதுகளிலும் ஒரே அறுவை சிகிச்சையில், உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவியை வைத்துவிடலாம் என்கிறார். உறவினர்களோ, இதே மரபணுவுக்கு ஒரே ஊசியில் கேட்கும் திறன் திரும்பிவிட்டதாக வந்த செய்திகளை நாள்தோறும் அனுப்புகிறார்கள். "அவசரப்பட்டுத் தலையில் கருவியை வைத்துவிடாதே, இன்னும் இரண்டு வருடம் பொறு" என்று என் மாமியார் கெஞ்சுகிறார்.

இந்த ஊசி உண்மையா? அதற்காகக் காத்திருக்கலாமா? இப்போது இம்பிளான்ட் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா? ஒரு காதில் மட்டும் வைத்து மற்றதை விட்டுவைக்கலாமா? முதல் பரிசோதனையில் அவள் எப்படித் தேறினாள் என்பதும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1
பதிந்தவர்: செவியியல் நிபுணர்

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

நம் உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் இரண்டு வகை உணர்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. வெளி வரிசையில் ஏறத்தாழ 12,000, உள் வரிசையில் ஏறத்தாழ 3,500. வெளி வரிசைச் செல்கள் ஒலியின் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அப்படிப் பெருக்கும்போது மிக மெல்லிய ஓர் எதிரொலி காதிலிருந்து வெளியே வருகிறது. ஓ.ஏ.இ. கருவி அளப்பது அந்த எதிரொலியைத்தான். மூளைக்குச் செய்தி அனுப்புவது உள் வரிசைச் செல்களின் வேலை. அதிர்வு வந்ததும் உள் வரிசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது, உடனே நுண்ணிய பைகளில் இருக்கும் வேதிப்பொருள் நரம்பின் முனையில் கொட்டப்படுகிறது. கால்சியம் வந்ததை உணர்ந்து அந்தப் பைகளைத் திறக்கச் செய்யும் புரதம்தான் ஓட்டோஃபெர்லின். ஓ.டி.ஓ.எஃப். மரபணு அதற்கான குறிப்பு. 1999இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கிறிஸ்டின் பெட்டியின் குழு இம்மரபணுவுக்கும் பிறவிக் கேளாமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தது.

ஆகவே உங்கள் மகளின் காதில் ஒலி நுழைகிறது, பெருக்கப்படுகிறது, எதிரொலியும் வருகிறது. கடைசி ஓரடியில், செல்லிலிருந்து நரம்புக்குத் தாண்டும் இடத்தில், செய்தி நின்றுவிடுகிறது. எதிரொலியை மட்டும் அளந்த கருவி "தேர்ச்சி" என்று காட்டியது. நரம்பும் மூளைத்தண்டும் ஒலிக்கு விடை தருகின்றனவா என்று பார்க்கும் பெராதான் உண்மையைக் காட்டியது. பச்சிளங்குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் செய்து நிறுத்தும் இடங்களில் இப்படிப்பட்ட குழந்தைகள் தவறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. நீங்கள் எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மடிக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள், பல பெற்றோருக்கு அது பிடிபட இன்னும் ஒரு வருடம் ஆகும்.

சாதாரண காதுகேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கும். இங்கே ஒலி போதாமல் இல்லை, தாண்டும் இடம்தான் மூடியிருக்கிறது. அதனால் அந்தக் கருவி இவர்களுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. காக்ளியர் இம்பிளான்ட் உணர்மயிர்ச் செல்களையே விட்டு விலகி, நரம்பை நேரடியாக மின்துடிப்பால் தூண்டுகிறது. உங்கள் மகளின் நரம்பு பழுதில்லாதது என்பதால், இந்த மரபணுக் குறை உள்ள குழந்தைகளிடம் இம்பிளான்ட் பொதுவாக நல்ல பலன் தருகிறது.

இனிக் காத்திருப்பதைப் பற்றி. காதுக்கு வயது ஒரு பொருட்டாக இல்லாமல் போகலாம், மூளைக்கு அப்படியில்லை. அமெரிக்காவில் அனு சர்மாவும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிக்கு மூளைப் புறணி தரும் முதல் விடை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்தார்கள். மூன்றரை வயதுக்குள் இம்பிளான்ட் பெற்ற குழந்தைகளிடம் அந்த நேரம் வயதுக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டது. ஏழு வயதுக்குப் பிறகு பெற்ற பலரிடம் வரவே இல்லை. இதைக் கேட்டுவிட்டு "மூன்றரை வயது வரை நேரம் இருக்கிறது" என்று கணக்குப் போடும் பெற்றோரும் உண்டு. தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். அது மூளை இன்னும் வளைந்து கொடுக்கும் எல்லை மட்டுமே. மொழி அதற்கு முன்பே, மாதம் மாதமாக, பின்தங்கிக்கொண்டே போகிறது. ஒரு நிறுவனத்தின் கருவியை ஒன்பது மாதக் குழந்தைக்கே வைக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதித்தது இந்தக் காரணத்தால்தான்.

என் கருத்து: காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சை நாள் வரும் வரையிலும் சைகையிலும் முகபாவத்திலும் அவளோடு ஓயாமல் பேசுங்கள். எந்த வழியில் வந்தாலும் மொழி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மறுமொழி 2
பதிந்தவர்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

மேலே எழுதியவர் காதை விளக்கிவிட்டார், நான் அந்த ஊசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மா, அது உண்மைதான். ஆனால் செய்தித் தலைப்புகள் காட்டுவதைவிட நிதானமாகப் படிக்க வேண்டிய உண்மை. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லப் பயன்படுத்துவது தீங்கு செய்யாத ஒரு சிறு வைரஸின் கூடு. அந்தக் கூட்டுக்குள் சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள மரபுக்குறிப்புதான் அடங்கும். ஓட்டோஃபெர்லினுக்கான குறிப்போ ஏறத்தாழ 6,000 எழுத்துகள். எனவே குறிப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டு கூடுகளில் ஏற்றி, இரண்டும் ஒரே செல்லுக்குள் சென்று ஒன்றுசேரும்படி செய்தார்கள். 2019இல் இது எலிகளில் பலித்தது. 2022 டிசம்பரில் ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழகத்தின் கண், காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் முதல் குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, ஒரு காதில் மருந்து பெற்ற ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. முன்பு 95 டெசிபலுக்கு மேலும் விடை தராத காதுகளில் 40 முதல் 57 டெசிபல் வரை முன்னேற்றம். அதே ஆண்டு ஜூனில் ஐந்து குழந்தைகளுக்கு இரு காதுகளிலும் கொடுத்த முடிவு வந்தது. ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் அவர்களால் அறிய முடிந்தது.

2025இல் மேலும் இரண்டு முக்கியமான அறிக்கைகள் வந்தன. சீன மருத்துவமனைகளும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து 1 முதல் 24 வயது வரையிலான பத்துப் பேருக்குக் கொடுத்ததில், கேட்க முடிந்த ஒலியின் சராசரி அளவு 106 டெசிபலிலிருந்து 52 டெசிபலுக்கு இறங்கியது. 106 என்பது காதருகே இயந்திரம் ஓடினாலும் ஏறாத நிலை. 52 என்பது சாதாரணப் பேச்சின் அருகில். மற்றொன்றில் பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்பது பேர், சோதனைக்கென வரையறுத்த 70 டெசிபல் அல்லது அதைவிட நல்ல நிலையை எட்டினார்கள். பிறவியிலேயே ஒன்றும் கேட்காத காதுக்கு மருந்தால் ஒலி வந்தது மருத்துவத்தில் இதற்கு முன் நடக்காத செயல். நான் மாணவனாக இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இனி, தலைப்புகளில் வராதவை. பன்னிரண்டில் ஒன்பது என்றால் மூன்று பேர் எட்டவில்லை. ஆறில் ஒருவருக்குப் பலனே இல்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழி கிடைக்கவில்லை. முதல் குழந்தைக்கு மருந்து கொடுத்ததே 2022இன் இறுதியில் என்பதால், இருபது ஆண்டு கழித்துக் காது எப்படி இருக்கும் என்று காட்ட ஒருவர்கூட இல்லை. பல மின்முனைகள் கொண்ட இம்பிளான்டுக்கோ 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் தம் முதல் கருவியைப் பொருத்தியதிலிருந்து நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. அடுத்ததாக, ஒரு காதில் வைரஸ் கூட்டைச் செலுத்தியதும் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகிவிடும். பின்னாளில் மறு காதுக்கும் கொடுக்க நினைத்தால் அது தடையாகலாம்.

உங்கள் அறிக்கையில் ஒன்றை உடனே உறுதி செய்யுங்கள். இரண்டு மாற்றங்கள் என்பது போதாது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தால், மற்றவரிடமிருந்து வந்த மரபணுப் பிரதி நன்றாக இருக்கிறது என்று பொருள், கேளாமைக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இதை அறிய உங்கள் இருவருடைய இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இரண்டு மாற்றங்களும் "நோய் விளைவிப்பவை" என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றனவா, "பொருள் தெளிவில்லாதவை" என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். காய்ச்சல் வரும்போது மட்டும் கேட்கும் திறன் இறங்கி, காய்ச்சல் தணிந்ததும் திரும்பும் ஒருவகை மாற்றமும் இதே மரபணுவில் உண்டு, உங்கள் மகளின் நிலை அதுவல்ல என்றே பெரா காட்டுகிறது.

உறவினர்கள் அனுப்பும் செய்திகளில் ஓர் எச்சரிக்கை. பிறவியில் வரும் மரபுவழிக் கேளாமையில் ஓ.டி.ஓ.எஃப். நூற்றுக்கு 2 முதல் 8 வரைதான். மற்ற மரபணுக்களைப் பற்றியும், செத்துப்போன உணர்மயிர்ச் செல்களை மீண்டும் முளைக்க வைக்கும் மருந்துகளைப் பற்றியும் வரும் செய்திகள் இதோடு கலந்து வருகின்றன. பறவைகளின் காதில் அச்செல்கள் மீண்டும் முளைப்பதை 1980களிலேயே கண்டார்கள். மனிதக் காதில் அப்படி முளைக்க வைக்கப் பெரும் எதிர்பார்ப்போடு சோதித்த எஃப்.எக்ஸ்.-322 என்ற மருந்து 2023 பிப்ரவரியில் பலனின்றி முடிந்தது. ஓ.டி.ஓ.எஃப். குறையில் செல்கள் உயிரோடு இருக்கின்றன, ஒரு புரதம்தான் இல்லை. அதனால்தான் இங்கே முதலில் வெற்றி வந்தது.

மறுமொழி 3
பதிந்தவர்: ஒன்பது வயதுச் சிறுவனின் தந்தை

மருத்துவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் "ஒரு காதை விட்டுவைக்கலாமா" என்ற கேள்விக்கு இருவருமே பதில் எழுதவில்லை. நான் அந்த வழியில் நடந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு முதல் காதில் பதினாறாம் மாதத்தில் இம்பிளான்ட் வைத்தோம். நாளை நல்லதாக ஏதாவது வரும், மறு காது அதற்காக இருக்கட்டும் என்று ஆறு வயது வரை விட்டுவிட்டோம். பிறகு இரண்டாவதையும் வைத்தோம். மூன்றாண்டுகள் ஆகின்றன. இன்றும் இரண்டாவது காதில் மட்டும் கேட்கச் சொன்னால் பாதிச் சொற்களைத்தான் பிடிக்கிறான். விளையாடும்போது யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுவான். கூப்பிட்டவனின் வாய் அசைவதைக் கண்ட பிறகுதான் ஓடுவான். அந்த ஒரு சுற்றைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் விட்டுவைத்த அந்த நான்கரை ஆண்டுகள் என் கண்முன் வந்துபோகும்.

பிறகுதான் படித்து அறிந்தேன். டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் கேரன் கோர்டனின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஒரே காதில் கேட்டு வளர்ந்த குழந்தைகளின் மூளை அந்தக் காதின் பக்கமே சாய்ந்துவிடுகிறது என்றும், பின்னால் மறு காதைத் தூண்டினாலும் அந்தச் சாய்வு எளிதில் நிமிர்வதில்லை என்றும் காட்டினார்கள். "விட்டுவைத்தல்" என்று நாம் சொல்லும்போது அந்தக் காது பெட்டியில் வைத்த பொருள்போல அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். அதற்கான இடத்தை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்களால் முடிந்தால் இரண்டு காதுகளையும் ஒன்றாகச் செய்யுங்கள், தங்கையே. எங்கள் தவறு உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கதவுச் சத்தத்தைப் பற்றிச் செவியியல் நிபுணர் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன், ஆனால் மனம் லேசானது. அண்ணா எழுதிய அந்தச் சுற்று என் கண்ணைவிட்டு அகலவில்லை. இன்னும் ஓர் அச்சம்: இன்று வைக்கும் கருவி பத்தாண்டில் பழையதாகிவிடாதா? அவள் உண்மையில் என்ன கேட்பாள்? இயந்திரக் குரல் என்கிறார்களே, தாயின் குரலும் அவளுக்கு அப்படித்தான் இருக்குமா?

மறுமொழி 4
பதிந்தவர்: இம்பிளான்ட் அணிந்தவர்

எனக்கு இருபத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பத்து நாளில் இரண்டு காதுகளும் போயின. அந்நோய்க்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து குழாயை அடைத்துவிடலாம் என்பதால் ஆறாம் வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். நான் இருபத்தொன்பது வருடம் இயல்பாகக் கேட்டவன். உங்கள் மகள் ஒன்றும் கேட்காதவள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கருவியை முதன்முதலில் இயக்கிய நாளில் என் மனைவியின் குரல் ஒரு வரிசை விசில்களாகவே வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் திரும்பு விளக்கு "டிக், டிக்" என்றதுதான் நான் இன்னதென்று அடையாளம் கண்ட முதல் ஒலி. மூன்றாம் வாரம் விசில்களுக்குள் சொற்கள் தெரிந்தன. மூன்றாம் மாதம் தொலைபேசியில் என் அண்ணனோடு பேசினேன். இப்போது என் மனைவியின் குரல் அவர் குரலாகவே இருக்கிறது. மாறியது கருவியின் ஒலி அல்ல, என் மூளை. உங்கள் மகளுக்கோ ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குரல் என்று ஒன்று இல்லை. அவள் முதலில் கேட்கும் உங்கள் குரல்தான் அவளுக்குத் தாயின் குரல். அதை இயந்திரக் குரல் என்று அவள் எண்ண வழியே இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பேசும் அறையில் நான் இன்றும் திணறுகிறேன். இசையில் தாளம் முழுதாக வருகிறது, ராகம் கலங்கி வருகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. இயல்பான செவிநரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள். கருவிகளில் உள்ள மின்முனைகளோ நிறுவனத்தைப் பொறுத்து 12, 16 அல்லது 22. அவையும் காக்ளியாவின் உப்புத் திரவத்தில் மூழ்கியிருப்பதால் ஒரு முனையின் மின்னோட்டம் பக்கத்து முனையின் எல்லைக்குள் பரவிவிடுகிறது. அதனால் 22 முனைகள் இருந்தாலும் தனித்தனியாகப் பயன்படும் வழிகள் எட்டு அளவில்தான் என்று 2001இல் வந்த ஆய்வு காட்டியது. அமைதியான இடத்தில் பேச்சைப் புரிந்துகொள்ள நான்கே சுருதிப் பட்டைகள் போதும் என்று ஆய்வாளர் ராபர்ட் ஷானன் 1995இல் காட்டியிருந்தார், ஆகவே பேச்சுக்கு எட்டு தாராளம். இசைக்கும் இரைச்சலுக்கும் போதாது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் தோபியாஸ் மோசரின் குழு, நரம்பு செல்களை ஒளிக்கு விடை தரும்படி மாற்றி, மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் தூண்ட விலங்குகளில் முயன்று வருகிறது. ஒளியை ஓரிடத்தில் குவிக்க முடியும், மின்னோட்டத்தைக் குவிப்பது கடினம்.

பழையதாகிவிடும் என்ற அச்சத்துக்கு: உள்ளே இருப்பது மின்முனைகளும் செய்தி வாங்கும் சிறு வட்டும்தான். ஒலியைப் பகுத்துப் பேச்சாக மாற்றும் பகுதி காதின் பின்னால் வெளியே இருக்கிறது. எனக்கு உள்ளே இருப்பது முதல் நாள் வைத்ததே. வெளிப்பகுதியை மூன்று முறை மாற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் இரைச்சலில் கேட்பது சற்று எளிதானது. வெளிப்பகுதியே தேவைப்படாதபடி முழுவதும் உள்ளே வைக்கும் கருவிக்காக, செவிப்பறையின் உட்புறத்தில் பொருத்தும் நுண்ணிய ஒலிவாங்கி ஒன்றை எம்.ஐ.டி.யும் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனையும் 2024இல் செய்து காட்டின. அதெல்லாம் வரும்போது வரட்டும்.

உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் இரண்டைக் கேளுங்கள். உள்ளிருக்கும் காந்தத்தை எடுக்காமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடிய வகையா என்பது ஒன்று. சில புதிய வகைகளில் 3 டெஸ்லா காந்தவலிமை வரை எடுக்கலாம், பழையவற்றில் காந்தத்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் அறுவை சிகிச்சைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 2002இல் ஒரு வகைக் கருவியில் மின்முனையை அதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்க வைத்த துண்டு இதை அதிகமாக்கியதால் விற்பனையிலிருந்தே விலக்கப்பட்டது. அந்நோயை அனுபவித்தவன் என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி 5
பதிந்தவர்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

மேலே தந்தையாக எழுதியவர் என் பதிவில் இருந்த இடைவெளியைச் சரியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

மரபணு மருந்துக்கும் இம்பிளான்டின் மின்முனைக்கும் உட்காதில் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான்: வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வு. மருந்து கொடுத்துப் பலிக்காத காதில் பின்னால் மின்முனையை நுழைக்கலாம். மின்முனை நுழைந்த காதிலோ உணர்மயிர்ச் செல்கள் சேதப்பட வாய்ப்பு உண்டு, அதனால் சோதனைகள் பெரும்பாலும் அக்காதை ஏற்பதில்லை. வழி அடைபடுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, அந்தக் காதுக்குப் பெரும்பாலும் அடைபடும் என்பதுதான்.

ஆகவே நான் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட சோதனை மையம் ஒன்று, நாள் குறித்து, உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால், சில மாத இடைவெளியில் ஒரு காதில் மருந்தும் மறு காதில் இம்பிளான்டும் என்பது நியாயமான வழி. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் சோதனையில் சேர்ந்த முதல் குழந்தைக்கு இரண்டையும் ஒரே அறுவை சிகிச்சையிலேயே செய்தார்கள். சில மாத இடைவெளி விட்டாலும் அது டொராண்டோ ஆய்வு சொல்லும் ஒன்றரை ஆண்டுக்குள் அடங்கிவிடும். அப்படி ஒரு நாள் கையில் இல்லையென்றால், "எப்போதாவது வரும்" என்பதற்காக ஒரு காதை வெறுமையாக வைக்க நான் ஆலோசனை கூற மாட்டேன், இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். இரண்டு காதுகளையும் வெறுமையாக வைத்துக் காத்திருப்பது எந்த நிலையிலும் வேண்டாம்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் அஞ்சுவது பேத்தியின் தலைக்காக, அது அன்பு. அந்த வட்டு தோலுக்கடியில் எலும்பின்மேல் அமர்கிறது, மூளைக்குள் எதுவும் போவதில்லை.

கேள்வி கேட்டவர்

ஐயா, மையம் எதுவும் இன்னும் எங்களை ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக் காலை எங்கள் இருவருடைய இரத்தமும் சோதனைக்குப் போகிறது. விண்ணப்பித்த இரண்டு இடங்களுக்கு, முடிவு எந்த நாளுக்குள் தெரியும் என்று கேட்டு இன்று எழுதிவிட்டேன். ஆறு வாரத்துக்குள் தேதியோடு பதில் வராவிட்டால் இரண்டு காதுகளுக்கும் சேர்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுவோம். தடுப்பூசி அட்டையில் இரண்டு விடுபட்டிருக்கின்றன, அவற்றை இந்த வாரமே போடுகிறோம். மாமியாரிடம் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். மூளைக்குள் போகாது என்றதும் மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்னார்.

மறுமொழி 6
பதிந்தவர்: செவியியல் நிபுணர்

நல்லது, சகோதரி. அறுவை சிகிச்சை முடிந்து கருவியை இயக்கிய பிறகு நாள்தோறும் காலையில் ஒரு சிறு பழக்கம் வேண்டும். டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து மிக உயர்ந்த சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய் தெரியாதபடி, ஒவ்வொன்றாக ஒழுங்கு மாற்றிச் சொல்லுங்கள். இடையில் ஒன்றும் சொல்லாமலும் இருந்து பாருங்கள், இல்லாவிட்டால் நேரத்தைக் கணித்துத் திரும்பக் கற்றுக்கொள்வாள். நேற்று வரை "ஸ்"ஸுக்குத் திரும்பியவள் இன்று திரும்பவில்லை என்றால் மேப்பிங்கை, அதாவது அவளுக்கென அமைத்த மின்துடிப்பின் அளவுகளை, பார்க்க வேண்டும் என்று பொருள், எங்களைக் கூப்பிடுங்கள். அதுவரை மடியில் வைத்தே சோதியுங்கள், தரையில் வேண்டாம்.